கோட்டையை விட்டுப் போகாதவர்கள்

தீவுக்கோட்டைக் காவலர் கழகத்தின் யாப்பில் முதலாவது விதி, கோட்டை விழவில்லை என்பதாகும்.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூடச் சொல்லும். மெல்பேர்ணில், யாரா ஆற்றுக்குத் தெற்கே உள்ள ஒரு செங்கல் கட்டடத்துக்குள் மட்டும் அப்படிச் சொல்லக்கூடாது. அங்கே அதற்குப் பெயர் "இடைநிறுத்தம்". யாராவது தவறி "வீழ்ச்சி" என்று சொல்லிவிட்டால் எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, வாக்கியத்தை முதலிலிருந்து சொல்லவேண்டும். கழகத்தின் முழு உறுப்பினர்கள் எல்லோரும் அந்தத் தீவில் அதிகாரிகளாக இருந்தவர்கள். இடைநிறுத்தம் நடந்த அன்று அவர்களில் ஒருவர்கூடத் தீவில் இருக்கவில்லை. இது யாப்பில் இல்லை.

இதொன்றும் தெரியாமல்தான் 1976 நவம்பரில் சந்திரவதனா அந்தக் கட்டடத்தின் மணியை அடித்தாள்.

அவள் கிளேட்டன் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் சத்திரசிகிச்சை வார்ட்டில் நேர்ஸ். வயது ஐம்பத்துமூன்று. கணவர் கதிர்காமநாதன் உயர்தரப் பள்ளியில் கணக்குப் படிப்பிக்கிறவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று வருடமாகிறது. ஆனால் சந்திரவதனா பிறந்தது சிங்கப்பூரில். தகப்பன் துறைமுகத்தில் ஸ்டோர் கீப்பர். சண்டை வந்தபோது அவள் நேர்ஸ் வேலை பழகிக்கொண்டிருந்தாள். அவளுடைய அக்கா விமலாதேவி அதே ஆஸ்பத்திரியில் நேர்ஸ்.

கழகத்தைப் பற்றி அவளுக்குச் சொன்னவன் ரெஜ் கார்மொடி. லொறிச் சாரதி. குடலிறக்கத்துக்கு ஒப்பரேஷன் செய்து வார்ட்டில் படுத்திருந்தான். ஊரைக் கேட்டான். சிங்கப்பூர் என்றதும் தையல் பிரிந்துவிடுமோ என்று அவள் பயப்படும்படி எழும்பி உட்கார்ந்தான். இருபது வயதில் தொடையில் துப்பாக்கிச்சூடு பட்டு அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் கிடந்தவன் அவன். பிறகு மூன்றரை வருடம் ஜப்பானியரின் கைதி. அக்கா அங்கேயே செத்ததை அவள் அவனுக்குச் சொன்னாள்.

"உங்கடை அக்காவைப் பார்த்தேனோ தெரியாது, சிஸ்டர்," என்றான். "எனக்குத் தண்ணி தந்த எல்லாரையும் ஒரே முகமாகத்தான் ஞாபகமிருக்கு. ஆனால் ஒரு கல்லு வைக்கப் போறாங்கள். கடற்கரைப் பூங்காவிலே. 'தம் இடத்தை விட்டுப் போகாதவர்களுக்கு' என்று. பெயர் கேட்கிறாங்கள். உங்கடை அக்காவை விடப் பொருத்தமான பெயர் இருக்கா?"

அன்று பின்னேரம் சந்திரவதனா இதைச் சொன்னபோது கதிர்காமநாதன் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தார்.

"உமக்கு ஏன் இந்தச் சோலி? வெள்ளைக்காரன்ரை கல்லிலை பெயர் வெட்டினால் அக்கா திரும்பி வருவாவோ?"

"வரமாட்டா. ஆனா அக்காவுக்கு ஒரு இடத்திலையும் கல்லில்லை. ஆஸ்பத்திரிப் புல்லுக்குள்ளை கிடங்கு வெட்டி எல்லாரோடையும் சேத்து மூடினவை. நான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

அடுத்த சனிக்கிழமை காரைக் கதிர்காமநாதனே ஓட்டினார்.

மணியடித்தும் ஒருவரும் வரவில்லை. கதவு திறந்திருந்தது. உள்ளே நீண்ட மண்டபம். இருபது வயோதிபர்கள் கதிரைகளைத் தெற்கு யன்னலை நோக்கித் திருப்பிப்போட்டு, முதுகு நிமிர்த்தி, கண் இமைக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். யன்னலுக்கு வெளியே அடுத்த வீட்டுக் குப்பைத்தொட்டியும் ஒரு பூனையும் இருந்தன. கதவு வடக்குப் பக்கம். ஆகவே உள்ளே வந்தவளை ஒருவரும் பார்க்கவில்லை. "குட் மோர்னிங்" என்றாள். ஒருவரும் திரும்பவில்லை. ஒரு கிழவரின் காது மட்டும் சிவந்தது.

செயலாளர் மிஸ்டர் பிம் நுனிக்காலில் வந்து அவளைச் சுவரோரம் இழுத்துப் போனார்.

"விழிப்பு நிமிடம் நடக்கிறது. எதிரி கடலிலிருந்து வருவான் என்பதால் கடலைப் பார்த்திருக்கிறோம். இந்த நேரத்தில் பின்பக்கத்தால் யாரும் வரக்கூடாது."

"கதவு பின்பக்கம்தானே இருக்கிறது?"

"இருக்கிறது," என்றார் பிம். அவருடைய முகத்தில் வருத்தம் தெரிந்தது. "அதைப் பற்றி அடுத்த கூட்டத்தில் பேசுவதாக 1951இல் முடிவெடுத்திருக்கிறோம்."

விழிப்பு முடிந்ததும் கதிரைகள் திரும்பின. தலைவர் கேணல் பிளண்டல் அவளை அன்போடு வரவேற்றார். உயரமான மனிதர். வெள்ளை மீசை. சண்டைக்காலத்தில் தீவின் மன உறுதித் துறைக்கு உதவி இயக்குநராக இருந்தவர். "யாரும் தீவை விட்டுப் போகக்கூடாது, போக வேண்டிய அவசியமும் இல்லை" என்று வானொலியில் தினமும் வாசிக்கப்பட்ட அறிவித்தலை எழுதியவர் அவர்தான். பெப்ரவரி பதினோராந் திகதி காலை அறிவித்தலைக் கடைசித் தடவையாகத் திருத்திக் கொடுத்துவிட்டு, அன்று பின்னேரம் கப்பலேறினார்.

"ஏன் போனீர்கள்?" என்று சந்திரவதனா கேட்டாள். உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் கேட்டாள்.

"நல்ல கேள்வி," என்றார் கேணல். "தீவுக்குள் அறிவித்தலை மக்கள் கேட்டு நடந்தார்கள். வெளிநாட்டில் அதற்கு மதிப்பிருக்கிறதா என்று யாராவது போய்ப் பார்க்க வேண்டாமா? நான் போனேன். பத்தாவியாவில் பார்த்தேன், கொழும்பில் பார்த்தேன், பேர்த்தில் பார்த்தேன். எல்லா இடத்திலும் நல்ல மதிப்பு."

உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள்.

அதன் பிறகு அவள் தன் விண்ணப்பத்தைச் சொன்னாள். பதின்மூன்றாந் திகதி ஆஸ்பத்திரிக்குத் தண்ணீர் நின்றுவிட்டது. வார்ட்டிலும் விறாந்தையிலும் படிக்கட்டிலும் காயக்காரர். பெரிய டொக்டர்மாரில் பாதிப் பேரைக் காணவில்லை. அக்காவும் இன்னும் சில நேர்ஸ்மாரும் இரண்டு தெரு தள்ளியிருந்த கிணற்றிலிருந்து வாளியில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அடுத்தநாள் காலை கோட்டை விழுகிறதுக்கு முதல்...

பிம் இருமினார்.

"மன்னிக்க வேண்டும், அம்மணி. எழுந்து நின்று, முதலிலிருந்து."

அவள் எழுந்து நின்றாள். தண்ணீர் நின்றதிலிருந்து திரும்பவும் சொன்னாள். இந்தத் தடவை, இடைநிறுத்தத்துக்கு முதல்நாள் காலை அக்கா வாளியோடு திரும்பிவரும்போது ஷெல் விழுந்தது என்றாள். அங்கேயும் பிம் இருமப் பார்த்தார். கேணல் கையைக் காட்டி, ஷெல் விழலாம் என்று தீர்ப்புச் சொன்னார்.

விண்ணப்பம் வரைவிலக்கணத் துணைக்குழுவுக்குப் போனது. துணைக்குழு என்பது அதே மேசையின் மறுமுனை. கேணலும் பிம்மும் கிறிஸ்மஸுக்குப் பிறகு ஒரு நாள் அவளை அங்கே கூப்பிட்டு உட்காரவைத்தார்கள்.

"கல்லில் 'தம் இடத்தை விட்டுப் போகாதவர்கள்' என்று வெட்டப்போகிறோம்," என்றார் கேணல். "இதில் 'இடம்' என்றால் என்ன? சாதாரண ஆட்கள் அதை நிலம் என்று நினைப்பார்கள். நிலமல்ல, அம்மணி. இடம் என்பது ஒரு மனநிலை. நான் என் இடத்தை என்னோடு கொண்டுபோனேன். கப்பலில் அதை விட்டு ஒரு கணமும் அகலவில்லை. ஆகவே நான் போகாதவன்."

"அப்ப ரெஜ் கார்மொடி? அவரும் ஆயிரக்கணக்கான பேரும் கடைசிமட்டும் அங்கே நின்று பிடிபட்டவர்கள்."

"பிடித்து எங்கே கொண்டுபோனார்கள்?"

"சயாமுக்கு. ரயில் பாதை போட."

"அப்படியென்றால் தீவை விட்டுப் போய்விட்டார்களே!" கேணல் கைகளை விரித்தார். "அவர்கள் மேல் எங்களுக்குக் கோபமில்லை. துணை உறுப்பினராகச் சேர்த்திருக்கிறோம். விழாக்களில் புல்லில் நிற்கலாம்."

சந்திரவதனா கைப்பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"என்ரை அக்கா தீவை விட்டு ஒரு அடியும் போகவில்லை. இப்பவும் அங்கேதான் இருக்கிறா."

"அதுதான் சிக்கல்," என்றார் கேணல் மென்மையாக. "கப்பலில் உங்கள் அக்காவுக்கு இடம் கொடுத்திருந்தார்களா?"

"இல்லை. எங்கடை ஆட்களுக்குப் பாஸ் கிடைக்கவில்லை."

"பாருங்கள்! போக வழியிருந்தும் போகாமல் நிற்பவர்தான் தங்கியவர். உங்கள் அக்காவுக்குப் போக வழியே இல்லை. அவர் தங்கவில்லை, வெறுமனே இருந்தார். மரங்கள் இருந்தன, கிணறு இருந்தது, மக்கள் இருந்தார்கள். இருப்பதற்கெல்லாம் கல் வைக்கத் தொடங்கினால் கல் போதாது."

பிம் அந்தக் கடைசி வரியை அழகாக இருக்கிறதென்று குறித்துக்கொண்டார்.

சந்திரவதனாவுக்கு அழுகை வரவில்லை. காருக்கு வந்து, கதவைச் சாத்தி, நடந்ததைக் கணவருக்குச் சொன்னாள். கதிர்காமநாதன் காரைத் தெருவுக்கு எடுத்தார்.

"இருந்தவவாம்," என்றார் பிறகு. "மரம் மாதிரி." அடுத்த சந்தியில் திரும்பியதும், "விடாதையும். கடைசிமட்டும் பாப்பம்," என்றார்.

பெப்ரவரியில் கழகத்தின் வருடாந்த இராப்போசனம் வந்தது. வெயில் முப்பத்தெட்டுப் பாகை. உறுப்பினர்கள் கம்பளிக் கோட்டும் பதக்கங்களுமாக வேர்த்துக்கொண்டிருந்தார்கள். சந்திரவதனாவுக்கும் கணவருக்கும் அழைப்பு வந்திருந்தது. வாசலில் ஒரு பெண் சந்திரவதனாவின் பட்டுச் சேலையை மேலும் கீழும் பார்த்து, "குசினி அந்தப் பக்கம்," என்று ஏப்ரனை நீட்டினாள். பிம் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டார்.

"பிழையாக விளங்கிவிட்டாள். நீங்கள் பரிமாற வரவில்லை. நீங்கள்தான் மக்கள்."

"என்ன மக்கள்?"

ஒவ்வொரு வருடமும் தீவின் கடைசி நாட்களை நடித்துக்காட்டுவார்களாம். தீவு மக்களாக இதுவரை திருமதி பிம் முகத்தில் சப்பாத்துப் பொலிஷ் பூசி நடித்துவந்தாராம். இந்த வருடம் அசல் ஆள் கிடைத்ததால் பொலிஷ் மிச்சம்.

"மக்கள் என்ன செய்ய வேணும்?" என்று கேட்டாள் சந்திரவதனா.

"முதலில் பயப்பட வேண்டும். கேணல் வந்து மன உறுதி கொடுத்ததும் கைதட்ட வேண்டும். பிறகு கேணல் கப்பலேறுவார். நீங்கள் சிரித்த முகத்தோடு கையசைக்க வேண்டும்." பிம் கதிர்காமநாதன் பக்கம் திரும்பினார். "ஐயா, நீங்கள் எதிரி. உங்களை ஜப்பானியர் என்று சொல்ல முடியாதுதான். ஆனால் கீழைத்தேசத்தவர். அந்த யன்னலால் ஏறி உள்ளே குதிக்க வேண்டும்."

"யன்னலாலை ஏன்?"

"எதிரி கடல் பக்கத்தால்தான் வருவான்."

"தம்பி, எனக்கு முழங்கால் வருத்தம்," என்றார் கதிர்காமநாதன்.

நடுமேசையில் தீவின் வடிவத்தில் பெரிய கேக் இருந்தது. தெற்குக் கரையில் சர்க்கரையால் செய்த பீரங்கிகள், எல்லாம் கடலைப் பார்த்தபடி. கேணல் எழுந்து பேசினார்.

"கனவான்களே, எங்கள் பீரங்கிகள் தவறாகப் பார்த்து நின்றன என்று ஒரு அவதூறு உலவுகிறது. பீரங்கிகள் சரியாகத்தான் நின்றன. எதிரிதான் தவறான வடக்குப் பக்கத்தால் வந்தான். முப்பத்தைந்து வருடமாகியும் அவன் அதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. கோட்டையில் ஒரு குறையும் இருக்கவில்லை. ஒரு குறை இருந்திருந்தால், அது உள்ளே அளவுக்கு மீறி ஆட்கள் இருந்ததுதான். பத்து லட்சம் பேர்! ஆட்கள் இல்லாதிருந்தால் அந்தக் கோட்டையை இன்றுவரை காத்திருப்போம்."

கைதட்டல் முடிந்ததும் நாடகம் தொடங்கியது. எல்லோரும் தெற்கு யன்னலைப் பார்த்தார்கள். கேணல் மக்களுக்கு மன உறுதி கொடுத்தார். மக்கள் கைதட்டவில்லை. கேணல் கப்பலாகிய சோபாவில் ஏறினார். மக்கள் கையசைக்கவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கேணலுக்குச் சோபாவில் எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியவில்லை.

இந்த நேரத்தில் எதிரி வடக்குக் கதவால் நடந்து வந்தார். கழகத்தார் எல்லோரும் யன்னலைப் பார்த்திருந்தபடியால் ஒருவரும் காணவில்லை. கதிர்காமநாதன் சாவகாசமாகக் கத்தியை எடுத்து, கேக்கை வடக்கிலிருந்து வெட்டி, இரண்டு தட்டில் வைத்து, மனைவிக்கும் ஒன்று கொடுத்து, கதிரையில் இருந்து சாப்பிட்டார். தீவின் பாதி போன பிறகுதான் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"இது ஒழுங்கல்ல!" என்று அவர் கத்தினார். "அவர் இன்னும் வரவில்லை!"

எதிரி யன்னலால் வரும்வரை வரவில்லையென்றே கொள்வதாகக் கழகம் அங்கேயே ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. கதிர்காமநாதன் இன்னொரு துண்டு எடுத்தார்.

இதற்குப் பிறகு விண்ணப்பம் செத்துவிட்டதென்று இருவரும் நினைத்தார்கள். இரண்டு கிழமையில் பிம் ரெலிபோன் எடுத்தார். குரலில் பெருமை வழிந்தது. ஏதோ ஒரு பத்திரிகையில் கழகத்தைப் பற்றி எழுதப்போகிறார்களாம். கல்லில் கடைசி வரியாக "மற்றும் பலர்" என்று சேர்க்கத் தீர்மானமாம். அந்தப் பலரின் சார்பில் சந்திரவதனாதான் கயிற்றை இழுத்துக் கல்லைத் திறந்துவைக்க வேண்டும்.

"அக்காவின் பெயர்?"

"'பலர்' என்பதற்குள் இருக்கிறது," என்றார் பிம்.

அவள் மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள். ஒலிவாங்கி இருக்குமா என்று கேட்டாள். இருக்கும், இரண்டு நிமிடம் நன்றி சொல்லலாம் என்றார். சரி, வாறன் என்றாள்.

மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. கடற்கரைப் பூங்காவில் கூடாரம், அதன் ஓரத்தில் வாத்தியக்காரர். முன்வரிசைக் கதிரைகளில் கழகத்தார். கூடாரத்துக்கு வெளியே, கயிறு கட்டிய எல்லைக்கு அப்பால், புல்லில் துணை உறுப்பினர்கள் நின்றார்கள். முப்பது பேர் இருக்கும். மெலிந்தவர்கள், ஊன்றுகோல்காரர், ரெஜ்ஜைப் போல ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டு வெயிலில் நிற்கிறவர்கள். கல்லை மூடி ஒரு பெரிய நீலத்துணி. அதைச் சுற்றி வெள்ளைக் கயிறு.

நிகழ்ச்சி நிரலில் கல்லில் உள்ள பெயர்கள் அச்சாகியிருந்தன. சந்திரவதனா வாசித்தாள். முதலாவது கேணல் பிளண்டல். பிம் ஒன்பதாவது. கடைசியில், "மற்றும் பலர்" என்பதற்கு ஒரு வரி மேலே, "டியூக்" என்று மட்டும் இருந்தது.

"டியூக் யார்?" என்று பக்கத்திலிருந்த பிம்மிடம் கேட்டாள்.

"கேணலின் நாய். ஸ்பானியல். கப்பலில் கேணலின் காலடியை விட்டு அசையவே இல்லை. தன் இடத்தை விட்டுப் போகாததற்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஏகமனதாக நிறைவேறியது."

"நாய்க்குக் கப்பலில் இடம் இருந்ததா?"

"கபினிலேயே," என்றார் பிம்.

அவளுடைய பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் எழும்பிப் போய் ஒலிவாங்கியின் முன் நின்றாள். எழுதிக்கொண்டு வந்திருந்த எல்லாம் நடந்து போகும்போதே தலையிலிருந்து போய்விட்டது.

"என் அக்காவின் பெயர் விமலாதேவி," என்றாள். "அவவுக்கு இருபத்தாறு வயது. தண்ணீர் கேட்டு இரவு முழுக்கக் கத்தினார்கள். அவுஸ்திரேலியாக்காரர், இங்கிலிஷ்காரர், சீனர், தமிழர், எல்லோரும். அக்கா ஏழு தரம் கிணற்றுக்குப் போய் வந்தா. எட்டாந் தரம் நான் போகிறேன் என்றேன். நீ சின்னப்பிள்ளை, நில் என்றா. ஷெல் விழுந்தது. விழுந்தது என்றுதான் சொல்வேன், எழுந்து நின்று திருப்பிச் சொல்லமாட்டேன். கோட்டையும் விழுந்தது. உங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது, அதுதான் போனீர்கள். போனது குற்றமென்று நான் சொல்லவில்லை. எனக்கு ஒரு பாஸ் தந்திருந்தால் நானும் போயிருப்பேன். ஆனால் போனவர்கள் போகவில்லை என்று கல்லில் வெட்டி, செத்தவளை நாய்க்குக் கீழே 'பலர்' என்று எழுதி, அதை நான் வந்து திறக்க வேண்டுமா?"

பிம் வாத்தியக்காரர்களுக்குக் கை காட்டினார். வாத்தியக்காரர்கள் காணாதமாதிரி நின்றார்கள்.

புல்லிலிருந்து ஒரு குரல் கேட்டது. ரெஜ்.

"சிஸ்டர்! பெயரை இன்னொரு தரம் சொல்லுங்கோ!"

"விமலாதேவி."

"விமாலா டேவி," என்றான் ரெஜ், தொப்பியைக் கழற்றி. அவனுக்குப் பக்கத்தில் நின்றவன் அதையே இன்னும் பிழையாகச் சொன்னான். பிறகு முப்பது கரகரத்த தொண்டைகளும் ஆளுக்கொரு விதமாகச் சொல்லின. ஒருவன்கூடச் சரியாகச் சொல்லவில்லை. சந்திரவதனா திருத்தவில்லை. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அவள் கல்லடிக்குப் போனாள். கழகத்தார் மூச்சுவிட்டார்கள், கடைசியில் திறக்கத்தான் போகிறாள் என்று. அவள் துணியைத் தொடவில்லை. கயிற்றின் முடிச்சை அவிழ்த்து, கயிற்றை மட்டும் உருவி, முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் இடையில் சுற்றி எடுத்துக்கொண்டு, எல்லையைத் தாண்டிப் புல்லால் நடந்து காருக்குப் போனாள். துணை உறுப்பினர்கள் வழிவிட்டார்கள். பிறகு அவர்களும் கலைந்து போனார்கள்.

கேணல் துணியை இழுக்கப் போனார். பிம் தடுத்தார். யாப்பின்படி நிகழ்ச்சி நிரலில் பெயர் அச்சானவரைத் தவிர வேறு யாரும் திறக்கக்கூடாது. கயிறில்லாமலும் திறக்கக்கூடாது. திறக்கப்படாத கல்லைத் திறந்ததாகக் கொள்ளலாமா என்று வரைவிலக்கணத் துணைக்குழு ஆராயத் தொடங்கியது. அதற்குள் கேணல் காலமானார். இரண்டு மழைக்காலம் போய்விட்டது. நீலத்துணி வெளிறி, கடற்பறவைகளின் எச்சம் படிந்து, இன்றும் அப்படியே இருக்கிறது. பூங்காவுக்கு வருகிற பிள்ளைகள் உள்ளே குளிர்சாதனப்பெட்டி இருப்பதாக நினைக்கிறார்கள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் கதிர்காமநாதன் கேட்டார்.

"உந்தக் கயித்தை என்ன செய்யப் போறீர்?"

"கொடி கட்டப் போறன்," என்றாள் சந்திரவதனா.

அவர் ஒரு கணம் திடுக்கிட்டு, எந்த நாட்டுக் கொடி என்று கேட்க நினைத்து, கேட்காமல் ஏணியைப் பிடித்தார். எலுமிச்சை மரத்துக்கும் வேலித் தூணுக்கும் இடையில் அவள் இழுத்துக் கட்டினாள். நல்ல கயிறு, தொய்யவில்லை. திங்கட்கிழமை வேலைக்கு வேண்டுமென்று தன் வெள்ளை யூனிபோமைத் தோய்த்து, உதறி, அதில் காயப்போட்டாள்.